காதுகுத்தில் சொன்ன சொல்

என் பெயர் குமுதா, த/பெ ஐயாவு. வயது நாற்பத்தொன்று. ஜெலாப்பாங்கில் அடுக்குமாடி வீட்டில் கணவர் கனகராஜ், மகள் தினேஸ்வரி ஆகியோருடன் வசித்து வருகிறேன். தொழிற்சாலைக் கேண்டீனில் வேலை செய்கிறேன். எனக்கு மலாய் பேச வரும். ஆனால் இந்த விஷயத்தைத் தமிழில்தான் சொல்ல முடியும் என்று நான் கேட்டுக்கொண்டதால் கோப்ரல் சுரேன் தமிழில் எழுதிக்கொள்கிறார். புகார் கொடுத்திருக்கும் அர்ச்சுனன் என் கூடப்பிறந்த அண்ணன். அவரை அடித்ததற்காக என் கணவர் நேற்றிலிருந்து லாக்கப்பில் இருக்கிறார். அவருக்கு இனிப்புநீர் வியாதி உண்டு. மாத்திரை போட்டாரா என்று வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். அவளுக்கு ஐந்து வயது. கைக்குழந்தையிலேயே குத்தியிருக்க வேண்டியது. காது என்றாலே எனக்குப் பயம் என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த காலத்தில், சின்ன வயதில், என்னை நாய் கடித்து இடது காதின் கீழ்ப்பாதி போய்விட்டது. அந்தக் காதில் தோடு போட இடமில்லை. முடியை இழுத்துவிட்டு மூடிக்கொள்வேன்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால் அண்ணன் சிம்பாங் பூலாயிலிருந்து சீர்த்தட்டுகளுடன் குடும்பமாக வந்தார். பாலாய் ராயா மண்டபம் நிறைய ஜனம். பழைய தோட்டத்து ஆட்களும் என் கணவரோடு வேலை செய்பவர்களும் வந்திருந்தார்கள். பத்தர் வலது காதைக் குத்தியதும் பிள்ளை வலியில் திமிறினாள். அதன் பிறகு அண்ணன் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆடாம உக்காருடி. ஆடுனா ஒங்கம்மா மாரி மூளியா போயிருவ" என்று சொன்னார். தோட்டத்து ஆட்கள் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற நானும் சிரித்தேன். பிள்ளை என் முடியை விலக்கிப் பார்த்தாள். தினமும் பார்க்கிற காதுதான், ஆனாலும் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதாள்.

அதன் பிறகு என் கணவர், "போதும் மச்சான், வாய மூடுங்க" என்றார். அண்ணன் விடவில்லை. "என்னலா மாப்ள, சின்னதுலேருந்து நாங்க கூப்புடுற பேரு. மூளிய மூளின்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றதாம்?" என்று கேட்டுச் சிரித்தார். அதன் பிறகு என் கணவர் பக்கத்திலிருந்த சீர்த்தட்டை வாழைப்பழத்தோடு தூக்கி அண்ணன் முகத்தில் அடித்தார். புருவம் கிழிந்து தையல் போட்டிருக்கிறார்கள். அடித்தது தப்பு. அதை நான் மறைக்கவில்லை. அத்தோடு காதுகுத்து நின்றுவிட்டது.

இன்று காலை அண்ணி போன் செய்தார். "அது செல்லமா கூப்புடுற பேருதான்னு போலீஸ்ல சொல்லிரு குமுதா. ஒங்கண்ணனுக்கு மானந்தான் பெருசு. நீ அப்புடி சொன்னா ரிப்போட்ட மீட்டுக்குறோம்" என்றார். அண்ணி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் சரி என்றேன். அப்படிச் சொல்லத்தான் கிளம்பினேன்.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கோப்ரல் கேட்டார். மலாயில் 'சாச்சாட்' என்று எழுதட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். சாச்சாட் என்றால் ஊனம், அதற்கு அரசாங்கம் அட்டை கொடுக்கும். இதற்கு யார் அட்டை கொடுப்பது? லயத்தில் விளிம்பு உடைந்த சட்டியை மூளிச் சட்டி என்போம். தோடு போடாமல் வாசலுக்கு வந்தால், காது மூளியாகக் கிடக்கிறதே என்று கேட்பார்கள். சட்டியைத் தூக்கிப் போடலாம், தோட்டை எடுத்து மாட்டிக்கொள்ளலாம். என்னைச் சொன்னால் நான் என்ன செய்ய முடியும்? பிறகு ஏன் இத்தனை வருஷமாக அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்தீர்கள் என்று கோப்ரல் கேட்டார். சோறு போடும்போதும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள் சார், திரும்பாமல் இருந்தால் பட்டினிதான் என்றேன்.

காலையில் தடிக்கா பாலர் பள்ளிக்குக் கிளம்பும்போது பிள்ளை குத்தாத காதைக் கையால் பொத்திக்கொண்டு, "நானும் மூளியாம்மா?" என்று கேட்டாள். ஐயோ, இல்லடா கண்ணு என்றேன். அவளிடம் அப்படிச் சொல்லிவிட்டு, இங்கே வந்து அது செல்லப் பேர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது செல்லப் பேர் இல்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு வலித்தது.

இப்படிச் சொன்னால் அண்ணன் புகாரை மீட்டுக்கொள்ள மாட்டார், கணவர் வெளியே வருவது தள்ளிப்போகும் என்று கோப்ரல் எடுத்துச் சொன்னார். புரிந்தது. அவருக்கு உள்ளே ஏதாவது ஆகிவிடுமோ, வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ இதைச் சொல்லவில்லை. அண்ணனின் புகாரில் என் பெயரை 'குமுதா என்ற மூளி' என்று போட்டிருப்பதாகவும், இதிலும் அப்படியே சேர்க்கட்டுமா என்றும் கோப்ரல் கேட்டார். எனக்கு வேறு பெயர் கிடையாது என்று சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
குமுதா