கடைசிக் காம்பரா

எனக்கு நாய்கள் என்றால் உயிர், இன்ஸ்பெக்டர் ஐயா. தட்டில் பாதிச் சோற்றை நாய்க்கு வைத்துவிட்டு எழுந்திருக்கிறவன் இந்த அந்தனி என்று என் மனைவி மரியாயி வாய் ஓயாமல் திட்டுவாள்.

தோட்டத்து லயத்தில் வரிசையாக உள்ள ஒற்றை அறை வீடுகளில் கடைசிக் காம்பரா எங்களுடையது. பின்சுவரை ஒட்டி றப்பர் மலை, அதற்கு மேல் காடு. ஓர் அந்தியில் சிறுத்தை ஒன்று எங்கள் கொல்லைக்கு இறங்கி வந்ததை நான் மட்டும் பார்த்தேன். என் மகள் ஜொய்சி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். வேறு காம்பரா கேட்டுத் தோட்ட ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன். "பாப்போம், பாப்போம்" என்றார் கிளாக்கர்.

வயிறு நிறைந்தால் சிறுத்தை ஏன் வாசலுக்கு வரப்போகிறது? சொறி பிடித்த கிழட்டு நாய் ஒன்றைக் கொல்லைக் கொய்யா மரத்தில் கட்டினேன். எடுத்துக்கொண்டு போய்விட்டது. கதவருகில் வரவே இல்லை. பிறகு ஏழுமலை வீட்டு நாய், மாதா கோயில் வாசலில் படுக்கிற நாய் என்று ஒவ்வொன்றாகப் போயின. நாய் பிடிக்கிறவர்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் அழுதுகொண்டேதான் கட்டினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாய்கள் தீர்ந்த பிறகும் அது மரத்தடிக்கு வந்து நின்றது.

அந்தச் சமயத்தில்தான் துஷ்யந்தி கைக்குழந்தையோடு நடுக் காம்பராவுக்குப் புதிதாகக் குடிவந்தாள். புருஷனுக்கு இரத்தினபுரியில் மாணிக்கக் குழி வேலை. அவள் கூரை ஒழுகியது. காம்பராவை மாற்றிக்கொள்வோமா என்று கேட்டேன்.

"மரக்கறி போட எடமுள்ள காம்பராவ யாருண்ணே விட்டுக் குடுப்பாங்க?" என்று கண் கலங்கினாள்.

"நீங்க பச்சப்புள்ளக்காரி. எங்களுக்கு என்னா, எங்கயும் இருந்துக்குவோம்" என்றேன்.

லயமே என்னை மெச்சியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் மரத்தடி வெறுமையாக இருந்ததால் சிறுத்தை லயத்துக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக் கானை ஒட்டி, இப்போது நாங்கள் இருந்த நடுக் காம்பரா வரை வந்தது. ஜொய்சி குளிக்கிற இடத்தில் கால்தடம் பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் துஷ்யந்தியின் பிள்ளை புழுக்கத்தில் அழுதது.

"கொய்யா மரத்துல தொட்டில் கட்டுவோம் தங்கச்சி, குளுகுளுன்னு இருக்கும். நீங்க பீலிக்குப் போய் தண்ணி எடுத்துட்டு வார வரைக்கும் நான் பாத்துக்கிறேன்."

தொட்டிலை நான்தான் கட்டினேன். பிள்ளை உடனே தூங்கிவிட்டது. அவள் குடத்தோடு இறங்கியதும் நான் என் காம்பராவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பிள்ளை சத்தமே போடவில்லை. திரும்பி வந்த துஷ்யந்தி போட்ட சத்தம்தான் மலைக்கே கேட்டது.

சிறுத்தை வருவதை ஏன் முன்பே யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நீங்களும் பிள்ளை பெற்றவர்தானே, ஐயா. எல்லாம் ஜொய்சிக்காகத்தான் செய்தேன். சொல்லியிருந்தால் தோட்டமே திரண்டு பந்தம் பிடித்துக் காவல் இருந்திருக்கும், உண்மைதான். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் நாய்களெல்லாம் எங்கே போயின என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார்களே. அப்புறம் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவது?