ரிப்பன் மைக்கில் நாகையா

மழை நாளில் மிருதங்கத்தைப் பதிவு செய்யக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. தோல் தளர்ந்துவிடும். எந்த மைக் வைத்தாலும் ஈரச் சாக்கை அடித்தாற்போலத்தான் வரும். வயலினுக்கு அந்தத் தொல்லை குறைவு.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் பட்டறைக்குப் பின்னால்தான் என் பதிவறை. வண்டிச் சத்தம் நுழையாதிருக்கச் சுவரெல்லாம் தேங்காய்நார் மெத்தை அடித்திருந்தேன். ஜன்னல் கிடையாது, கதவுக்கு வெளியே தாழ்ப்பாள். வாசிப்பவர் உள்ளே, நான் ஹெட்போனோடு வெளியே. மனைவி போனபிறகு என்னிடம் பேச ஆளில்லை. பாசாரில் காய்காரிகூட நான் வாய் திறக்குமுன் கத்தரிக்காயை எடை போட்டுவிடுவாள்.

இசைத்தட்டுக் கம்பெனி கரி மைக் ஒன்று, ரிப்பன் மைக் ஒன்று என இரண்டு அனுப்பி, எந்த வாத்தியம் எதில் நன்றாக வருகிறதென்று கேட்டது. கிள்ளானிலிருந்து நாகையா வந்தார். வயலின், வீணை, ஆர்மோனியம் மூன்றும் வாசிப்பார். கரி மைக்கில் வயலின் உமியில் புரட்டியெடுத்தாற்போல் இரைந்தது. ரிப்பன் மைக்கில் வில் திரும்புவதுகூடக் கேட்டது. வீணைக்கும் அப்படியே. முதல் நாளே தெரிந்துவிட்டது.

"இன்னும் பிடிபடலை தம்பி, அடுத்த வாரமும் வாங்க" என்றேன்.

மாதக்கணக்கில் வந்தார். வாசித்து முடித்ததும் தேநீர் குடித்தபடி பேசுவார். அவருக்கு மூச்சு இழுப்பு நோய் உண்டு. துணி உரசினால் மைக்கில் விழும் என்று கோட்டைக் கழற்றி வெளியே மாட்டச் சொல்வேன். மருந்து அதில்தான் இருக்கும்.

போன புதன்கிழமை மத்தியானம் சொன்னார்: "அண்ணே, சிங்கப்பூர் நாடகக் கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க. இன்னியோட சரி. வேற ஆள் பாத்துக்குங்க."

"நல்ல சேதிதானே" என்றேன். கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் மெத்தைகளைத் தட்டினேன். அறை சுத்தமாக இருக்கட்டுமே என்றுதான். நார்த் தூசு அவருக்கு ஆகாது என்பது தெரியும். அவர் உள்ளே போனதும் தாழ்ப்பாள் போட்டேன். எப்போதும் போடுவதுதான்.

பாதி ராகத்தில் வில் நின்றது. இருமல் கேட்டது. பிறகு கதவைத் தட்டினார். மெத்தை போட்ட கதவு, சத்தம் வெளியே வரவில்லை. ஹெட்போனில் வந்தது.

"அண்ணே... கோட்டு... கதவைத் தொறங்கண்ணே."

கரி மைக்கில் அது சரியாக விளங்கவில்லை. சுவிட்சைத் திருப்பி ரிப்பன் மைக்குக்கு மாற்றினேன். மூச்சு என் காதோடு வந்து உட்கார்ந்தது. கோட்டு என் முழங்கையில் இடித்துக்கொண்டு தொங்கியது. கை நீட்டினால் தாழ்ப்பாள்.

திறந்திருந்தால் பிழைத்திருப்பார். சிங்கப்பூருக்கும் போயிருப்பார். அதனால் திறக்கவில்லை.

அன்று பதிவான தட்டை எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டுப் பாருங்கள். அவர் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஐயா. கடைசிவரை என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தார்.