சக்கரத்தின் மேல் ஒரு பின்

உங்கள் மேஜையின் இடது கால் ஆடுகிறது ஐயா. நீங்கள் எழுதும்போதெல்லாம் தண்ணீர் டம்ளர் கிடுகிடுக்கிறது. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அட்டை வைத்தால் மேஜை இன்றைக்கு நிற்கும், அடியில் இருக்கிற ஸ்க்ரூ நாளைக்கு இன்னும் தளரும். ஒரு திருப்புத் திருப்பினால் போதும். இருக்கட்டும், போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

என் பெயர் பெருமாள்ராஜ், அன்றைக்கு ஷெட்டில் பார்த்திருப்பீர்கள். தச்சநல்லூர் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். போன வாரம் ஜீப்பு சக்கரம் வெடித்துச் செத்துப்போன முத்துமாலை, என் தங்கை இசக்கித்தாயின் வீட்டுக்காரன். அதற்காக நீங்கள் ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கும் பெயிண்டர் அசன் முகம்மதுவை வீட்டுக்கு அனுப்பச் சொல்லத்தான் வந்தேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அதை விளங்கச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும். டீ சொல்லியிருந்தால் எனக்குச் சர்க்கரை கம்மி.

பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப்புகளைப் பழையபடி ஆக்கிக் கொடுப்பதுதான் என் தொழில். ஏலத்தில் எடுத்து லாரியில் போட்டுக் கொண்டுவருவார்கள். மாருதி கார் தெருவுக்குத் தெரு வந்த பிறகும் இந்தக் கிறுக்கு யாருக்கும் குறையவில்லை. வண்டி எலும்பும் தோலுமாக வரும். இன்ஜினுக்குள் எலி குட்டி போட்டிருக்கும். அதை நிமிர்த்தி, பச்சை அடித்து, சாவியைக் கையில் கொடுக்கும்போது வண்டிக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

இதற்குக் கைத்திறமை வேண்டும் என்பார்கள். சும்மா. டூல்ஸ் வேண்டும் ஐயா. அந்தக் காலத்து ஜீப்பில் நட்டு எல்லாம் இஞ்சுக் கணக்கு. கடையில் இன்றைக்கு விற்கிற மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டுத் திருகினால் நட்டின் மூலை மழுங்கிவிடும், அப்புறம் அதை யார் அப்பன் வந்தாலும் கழற்ற முடியாது. இஞ்சு செட், சக்கர அச்சு நட்டுக்கென்றே செய்த பெரிய பாக்ஸ் ஸ்பானர், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், பேரிங் இழுக்கிற புல்லர் என்று ஒவ்வொன்றையும் மதுரை, திருச்சி பழைய இரும்புக் கடைகளில் கிளறிக் கிளறிச் சேர்த்தேன். சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு டூலுக்கும் அதனதன் உருவத்தை வெள்ளைப் பெயிண்டில் வரைந்து மாட்டினேன். எது இல்லையென்றாலும் வாசலில் நிற்கும்போதே தெரிந்துவிடும். அந்தப் பலகை நிறைந்திருந்தால்தான் எனக்கு ராத்திரிச் சோறு இறங்கும்.

தொண்ணூற்று நாலில் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை விக்கிரமசிங்கபுரத்துப் பையன், மில் தொழிலாளி மகன், வண்டி வேலை தெரிந்தவன். நகை பெரிதாகப் போட வழியில்லை. பந்தலில் எல்லார் முன்னாலும் எழுந்து, "ஒர்க்‌ஷாப் டூல்ஸ்ல பாதி என் தங்கச்சிக்குச் சீரு" என்று சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. டூல்ஸ் பலகையில் இருக்கும், முத்துமாலை என்னோடு வேலை பார்ப்பான், பாதி என்பது பேச்சுக்குத்தானே என்று நினைத்தேன்.

முத்துமாலை நல்லவன். இதை எழுதிக்கொள்ளுங்கள். குடி கிடையாது, என் தங்கையை ஒரு சொல் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டே இருப்பான். ஆனால் ஸ்க்ரூ டிரைவரை உளியாக வைத்துச் சுத்தியலால் அடிப்பான். அரத்தைக் கடப்பாரையாக நெம்பி ஒடித்தான். டார்க் ரெஞ்ச் என்பது இறுக்குவதற்கு மட்டும், துருப்பிடித்த நட்டைக் கழற்ற அதைத் தொடவே கூடாது. அதில் ஏறி நின்று மிதித்தான். கேட்டால், "விடுங்க மச்சான், நட்டு கழண்டுட்டுல்லா" என்று சிரிப்பான். வேலை முடிந்தால் டூல்ஸ் எல்லாம் தரையில் கிடக்கும். நான்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துடைத்து, எண்ணெய் தடவி மாட்டுவேன். ஒருநாள்கூடக் கோபப்பட்டதில்லை.

வருகிறவர்களுக்கும் அவனைத்தான் பிடிக்கும். களக்காட்டிலிருந்து காந்திமதிநாதன் அண்ணாச்சி வருவார். அவருடைய ஜீப்புதான் இப்போது என் ஷெட்டில் நிற்கிறது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார், "ஏ பெருமாள்ராஜு, முத்துமாலைய எங்க வே?" என்பார். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அவன் தோளில் தட்டுவார். நட்டு ஒவ்வொன்றையும் அளந்து முறுக்கியது நான். அதனால் எனக்கு ஒன்றுமில்லை. யாரைத் தட்டினால் என்ன, வண்டி ஓடினால் சரி.

ஐப்பசியில் தங்கையும் அவனும் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். விக்கிரமசிங்கபுரத்தில் அண்ணாச்சிக்கு ஒரு ஷெட் காலியாக இருக்கிறதாம். அங்கே தனியாகக் கடை போடப் போகிறார்களாம். தங்கைதான் பேசினாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதிய. நீங்க குடுத்த சீருதான? எங்க பாதியப் பிரிச்சுக் குடுத்துட்டியன்னா நாங்க பைய போயிப் பொழச்சுக்கிடுவோம்."

கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் செட் என்பது நிலம் இல்லை ஐயா, நடுவில் வரப்புப் போட. அரை இஞ்சு ஸ்பானர் அவனுக்கு, முக்கால் இஞ்சு எனக்கு என்று பிரித்தால் இரண்டு கடையிலும் ஒரு ஜீப்பு ஓடாது. அங்கே போனால் அந்த டூல்ஸ் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். பொறுக்க ஆள் இருக்காது. "சரிம்மா, அண்ணாச்சி வண்டி முடியட்டும், எடுத்துக்கிடுங்க" என்றேன். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு என் மேல் உயிர்.

இப்போது சக்கரத்துக்கு வருகிறேன். பட்டாளத்து ஜீப்பின் சக்கரம் மற்ற சக்கரம் மாதிரி இல்லை. இரும்பு ரிம் இரண்டு பாதியாக இருக்கும். இரண்டையும் சுற்றிவர நட்டுப் போட்டுப் பிணைத்திருப்பார்கள். உள்ளே காற்று இருக்கும்போது அந்த நட்டைக் கழற்றினால் மேல் பாதி பீரங்கிக் குண்டு மாதிரி கிளம்பும். டயரைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அது அவ்வளவு தடி, காற்று இல்லாவிட்டாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் கிடக்கும். அதனால் எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். யார் காற்றை இறக்கினாலும், கழற்றிய வால்வு பின்னை, அதாவது காற்றை உள்ளே பிடித்து வைக்கிற அந்தச் சின்ன ஊசியை, சக்கரத்தின் நடுவில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துவிட வேண்டும். பின் மேலே கிடந்தால் காற்று இல்லை, தைரியமாகத் திற. பின் இல்லையென்றால் கை வைக்காதே. எத்தனையோ வருஷமாக ஒரு விபத்து கிடையாது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததும் நான்தான்.

அன்றைக்கு ரிம்முக்கு உள்பக்கம் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. அசன் முகம்மது சக்கரத்தைப் படுக்கப் போட்டுவிட்டு, "அண்ணாச்சி, தின்னர் தீந்துட்டு, ஜங்ஷன் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று சைக்கிளை எடுத்தார். காற்றை இறக்கவில்லை. பின்னும் வைக்கவில்லை. இப்போது அவர் உங்களிடம், "நாந்தான் மறந்து பின்ன வச்சுட்டேனோ என்னமோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்" என்று அழுகிறாராம். பாவம், பயத்தில் மனுஷனுக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அவரை நம்ப வேண்டாம். பின்னை வைத்தது நான். என் சட்டைப் பையில் எப்போதும் பழைய பின் ஒன்றிரண்டு கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து வைத்தேன். அந்தச் சக்கரத்தின் சொந்தப் பின் அதன் வால்வுக்குள்ளேயே இருந்தது, காற்றும் அப்படியே இருந்தது.

ஒரு பின்னைத்தான் வைத்தேன், கவனியுங்கள். ரிம்மைப் பிரிக்க வந்த முத்துமாலை மேல் நான் கையை ஓங்கக்கூட இல்லை. வால்வு மூடியைத் திறந்து விரலை வைத்துப் பார்த்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும். எதையும் சரிபார்க்க மாட்டான், அதுதான் அவன் சுபாவம்.

சரி, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு விட்டுப்போனதாக இருக்க வேண்டாம். அவன் கேட்டான். நட்டில் ஸ்பானரை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "மச்சான், காத்த எறக்கியாச்சுல்லா?" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் இப்படிக் கேட்டது அன்றைக்குத்தான். "பின்னு மேலதான கெடக்கு மாப்ள" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

தூக்கிக்கொண்டு போகும்போது தங்கை என் மேல் விழுந்து அழுதாள். "டூல்ஸ எல்லாம் நீங்களே வச்சுக்கிடுங்கண்ணே. இனி எனக்கு எதுக்கு அது" என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு அரிசி, பருப்பு எல்லாம் நான்தான் வாங்கிப் போடுகிறேன். கடைசிவரை குறை வைக்க மாட்டேன். அண்ணன் இருக்கும்போது அவளுக்கு என்ன.

விபத்து நடந்த அன்றைக்கே ஷெட்டில் வைத்து நீங்கள் ஒன்று கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. முத்துமாலை வேலை செய்தால் தரை முழுக்க டூல்ஸ் கிடக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, சக்கரத்தைச் சுற்றி ஒன்றுகூட இல்லையே என்றீர்கள். கெட்டிக்காரர் ஐயா நீங்கள். அவன் முதல் நட்டில் கை வைக்கும்போது டார்க் ரெஞ்ச், புல்லர், இஞ்சு செட் எல்லாம் அவன் காலடியில்தான் இறைந்து கிடந்தன. நான் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். அவன் கையில் இருந்ததும் நல்ல ஸ்பானர். அதையும் வாங்கிக்கொண்டு, வாய் தேய்ந்துபோன பழையது ஒன்றைக் கொடுத்தேன்.

"கெடக்கட்டும் மச்சான், வேலை முடியவும் நானே எடுத்து வைக்கேன்" என்றான்.

"நீ எங்க எடுத்து வைக்கப் போற" என்றேன். அதற்கும் சிரித்தான்.

எல்லாவற்றையும் துடைத்து, பலகையில் மாட்டி, ஒரு இடமும் காலியில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் டீக்கடைக்குப் போனேன். ஷெட்டில் ஓடு பறந்துவிட்டது, ஜீப்பின் முன்கண்ணாடி போய்விட்டது. டூல்ஸில் ஒரு கீறல் கிடையாது ஐயா.