பாண் ஆட்டோவுக்குச் சாரதி தேவை

இல்லை இல்லை, நீங்க சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீங்க தம்பி. சாரதி தேவை எண்டு போர்ட் தொங்குதுதானே, அது எங்கட பேக்கரிதான். இருங்கோ. அதில இல்லை, இந்தக் கதிரையில. இன்னும் கொஞ்சம் இஞ்சால இழுத்துப் போடுங்கோ. ஆ, அந்த யன்னலுக்கு நேர. என்ன, வெயில் அடிக்குதோ? பரவாயில்ல, அதில காத்து வரும். றிம்ஷா, தம்பிக்கு ஒரு பிளேன்ரீ கொண்டா பிள்ளை!

பேர் என்னெண்டு சொன்னீங்க? உரத்துச் சொல்லுங்கோ, உள்ளுக்க மாக் குழைக்கிற மெஷின் சத்தம் போடுது. சுபாஸ்கரன். அடம்பனோ? விடியவே பஸ் எடுத்து வந்தனீங்களோ, பாவம். ஆட்டோ லைசன் இருக்கோ? உரத்து, உரத்து. அடம்பன் சந்தையில இருந்து ஆஸ்பத்திரி மட்டும் ஓடினனீங்களோ! மாஷா அல்லாஹ். நல்லாக் கேட்டிச்சு.

என்ட பேர் ஸுஹறா. ராத்தா எண்டே சொல்லுங்கோ, இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான். வேலை என்னெண்டால் காலமை ஒரு ஓட்டம், பின்னேரம் ஒரு ஓட்டம். அந்தா வாசலில நிக்குதே சிவப்பு ஆட்டோ, அதில பாணும் பணிஸும் அடுக்கி, பாட்டைப் போட்டுக்கொண்டு தோட்டவெளிப் பக்கம் வீடு வீடாப் போகோணும். இவ்வளவு நாளும் ஓடினது பைறூஸ். யன்னலுக்குள்ள இருந்து பணிஸ் பக்கற் பண்ணுறானே, அவன்தான். ஐயோ, திரும்பிப் பாக்காதேங்கோ! இஞ்ச என்னைப் பாருங்கோ.

அவனுக்குக் கால் முறிஞ்சது. கழுதையால. ஓம், கழுதையாலதான். உங்கட ஊரில ரோட்டை மறிக்கிறது மாடு, எங்களுக்குக் கழுதை. இவன் என்ன செஞ்சான் தெரியுமோ, விக்காத பழைய பாணையெல்லாம் கொண்டுபோய்த் தோட்டவெளி வளைவில கழுதையளுக்குப் போட்டுப் பழக்கிப்போட்டான். அடேய், அதுகள் உன்ட பாட்டைப் பாடமாக்குதுகளடா எண்டு எத்தினை தரம் சொன்னனான். வாயில்லாச் சீவன் ராத்தா எண்டான். பேந்து என்ன, பாட்டுக் கேட்டால் சனத்துக்கு முன்னம் கழுதை வந்து லைனில நிக்கும். ஒருநாள் ஒரு குட்டி தாயை விட்டிட்டு ஆட்டோவுக்கு முன்னால பாஞ்சிட்டு. இவன் ஹாண்டிலை ஒரு வெட்டு வெட்டினான். ஆட்டோ பிரண்டு, ஒரு தட்டுப் பணிஸும் பைறூஸும் ரோட்டோரக் கானுக்க. குட்டிக்கு ஒரு கீறல் இல்ல! அதுவும் கானுக்க இறங்கிப் பணிஸைத் திண்டதாம். இவன் முறிஞ்ச காலோட கிடந்துகொண்டு, அது சீனிப் பணிஸ், குட்டிக்கு வயித்தால போகும், பறியுங்கோ எண்டு கத்தினவனாம். ஆள் எப்பிடியெண்டு விளங்குதுதானே.

ஆஸ்பத்திரியில பிளாஸ்டர் போட்டு வீட்டுக்கு விட்டாங்க. கொஞ்ச நாளில அவன்ட பெஞ்சாதி ஸம்ஸியா ஓடி வாறாள். ராத்தா, இவரைக் கூட்டிக்கொண்டு போய் ஏதாவது வேலை குடுங்கோ, நான் கறிக்கு உப்புப் போட்டா அதுக்கும் யோசினை சொல்லுறார், எனக்கு விசர் பிடிக்குது எண்டாள். எனக்கும் அவனை வீட்டில போட்டு வைக்க மனசில்ல. இருந்து செய்யிற வேலை குடுப்பம் எண்டு முதல்ல கவுண்டரில இருத்தினன். அல்லாஹ்வே! வாற ஆக்களிட்டையெல்லாம் சுகம் விசாரிக்கிறான். உம்மாட முழங்கால் எப்பிடி, மகள்ட சோதினை எப்பிடி, ஆடு குட்டி போட்டிட்டோ. ஒரு றாத்தல் பாணுக்கு வந்த மனிசன் போக அரை மணித்தியாலம். லைன் பள்ளிவாசல் மதில் மட்டும் போயிட்டு.

பேந்து ஃபோனில ஓடர் எடுக்க விட்டன். அது அதைவிட மோசம். ரெண்டு பாண் கேட்டால், உங்கட மனிசன் கொழும்புக்குப் போனவர்தானே, ஒண்டு காணும், மற்றது மிஞ்சும் எண்டுவான். ஒரு வாத்தியார் சீனிப் பணிஸ் கேட்டிருக்கிறார். சேர், உங்களுக்குச் சீனி வருத்தம், தர ஏலாது எண்டு ஃபோனை வச்சிட்டான்! வாத்தியார் எனக்கு எடுத்துக் கிழி கிழியெண்டு கிழிக்கிறார். பின்னேரம் அவர்ட மனிசி வந்து இவனுக்கு ஒரு சோடா வாங்கிக் குடுத்திட்டுப் போறா. நான் இப்ப ஆரிட்டை மன்னிப்புக் கேக்கிறது, சொல்லுங்கோ?

ஆட்டோவோ? அதை என்ட மருமகன் ஷிராஸிட்டைக் குடுத்தனான். கொண்டுபோன பாணில அரைவாசி திரும்பி வந்திச்சு. ஒவ்வொரு வீட்டுப் படலையிலயும் பைறூஸ் எங்க, கால் எப்பிடி எண்டு மறிச்சு வச்சுக் கேக்குதுகளாம். மாமி, அந்தச் சனத்துக்குப் பாண் வேண்டாம், பைறூஸ்தான் வேணும் எண்டு சொல்லி ஆட்டோத் திறப்பைத் தந்திட்டுப் போயிட்டான்.

இப்ப பிளாஸ்டர் வெட்டியாச்சு. டொக்டரும் சொல்லிப்போட்டார், நடக்கலாம், ஆட்டோவும் ஓட்டலாம், துவக்கத்தில அரை நாள் மட்டும் எண்டு. ஆனா ஊண்டி நடக்க ஆஸ்பத்திரியில குடுத்த கமக்கட்டுத் தடியை இவன் விடுறானில்ல. நொண்டுறான் தம்பி, நாள் முழுக்க நொண்டுறான். ஒருநாள் ஆடு ஒண்டு உள்ளுக்க பூந்து பாண் தட்டில வாய் வச்சிட்டு. தடியை எறிஞ்சுபோட்டு ஓடிப்போய் ஆட்டைப் பிடிச்சானே பாக்கோணும்! நான் கண்டனான், கண்டதாக் காட்டிக்கொள்ளேல்ல. அடுத்த நாள் திரும்பவும் நொண்டிக்கொண்டு வாறான், ஆனா மற்றக் காலால!

சிரியுங்கோ, நானும் உள்ளுக்க போய் நிண்டு சிரிச்சனான். ஆனா கிட்ட வந்து கேளுங்கோ. ஒருநாள் விடிய, ஆரும் இல்லையெண்டு நினைச்சு ஆட்டோவைத் துடைச்சுக்கொண்டு நிண்டான். கண்ணாடியைத் துடைச்சான், ஹாண்டிலைத் துடைச்சான். சீற்றில கையை வச்சு, ஏறக் காலைத் தூக்கினான். தூக்கின காலை இறக்கிப்போட்டுத் திரும்பவும் கண்ணாடியைத் துடைக்கிறான். கால் சுகம். பயம்தான். நான் சொல்லிப் பாத்தன், ஸம்ஸியா அழுது பாத்தாள், மௌலவியும் ஓதி ஊதினவர். ஓம் ஓம் எண்டுவான், பணிஸ் பக்கற் பண்ணப் போயிடுவான். இப்பிடியே விட்டால் அவன் ஆயுளுக்கும் அந்த யன்னலுக்குள்ளதான் இருக்கப் போறான்.

என்ன, வேலை எப்ப துவங்கிறதோ? தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது. மெதுவாச் சொல்லுறன், கோவிக்கப்படாது. அந்தப் போர்ட் சாரதி எடுக்கிறதுக்குப் போட்டதில்ல. அவன்ட கண்ணில படட்டும் எண்டு போட்டது. அதான் உங்களை யன்னலுக்கு நேர இருத்தி உரத்துக் கதைக்க வச்சனான். முந்தி வந்த ஒரு ஆளுக்குக் கண் பார்வை காணாது ராத்தா எண்டான். இன்னொரு ஆள் ஹாண்டில் பிடிக்கிற விதமே சரியில்லையாம். அந்த மனிசன் ஆட்டோவுக்குக் கிட்டவும் போகேல்ல! ஆசை கிடக்கு, ஏறத்தான் ஏலாமல் கிடக்கு எண்டு அப்பதான் எனக்கு விளங்கினது.

எழும்பாதேங்கோ! வெயிலுக்க வந்த பிள்ளையை நான் வெறுங்கையோட அனுப்புவனோ? டொக்டர் சொன்னது அரை நாள்தானே. காலமை அவன், பின்னேர ஓட்டம் உங்கட. அல்லாஹ் மேல சத்தியம். ரெண்டையும் நீங்க எடுத்திட்டால் அவன் அதோட முடிஞ்சுது.

இந்தாங்கோ திறப்பு. போய் அவன்ட சீற்றில ஏறி இருங்கோ. ஓட்ட வேண்டாம். திறப்பைத் திருப்பிப்போட்டு அந்தப் பட்டனை அமத்துங்கோ, பாட்டு வரும். இன்னும் அமத்துங்கோ. ஓமோம், கழுதை வருதுதான், பயப்பிடாதேங்கோ, அது அந்தக் குட்டிதான். இப்பவும் நாளாந்தம் வந்து பாண் வாங்கித் திண்டிட்டுப் போறது. இப்ப மெதுவா யன்னலைப் பாருங்கோ. ஆள் இல்லைத்தானே? தட்டு விழுந்த சத்தம் கேட்டதோ? வாறான் தம்பி. ரெண்டு காலாலயும் வாறான், தடியைக் காணேல்ல. இறங்குங்கோ, அங்கால பக்கத்தால இறங்குங்கோ! என்னடா பைறூஸ்? அப்பிடி அமத்தினால் பற்றரி போயிடுமோ? எங்களுக்கென்னடா தெரியும், நீயே எப்பிடியெண்டு செஞ்சு காட்டன்.

தம்பி, கெதியா வாங்கோ, கதிரையை இழுங்கோ. யன்னலுக்கு நேர வேண்டாம், ஆட்டோவுக்கு முதுகைக் குடுத்துக்கொண்டு இருங்கோ. நானும் திரும்பிட்டன். ஸ்டார்ட் பண்ணுற சத்தம் கேட்டாலும் பாக்கப்படாது, விளங்கிச்சோ? நாங்க ஒண்டையும் காணேல்ல. என்னோட கதையுங்கோ, என்னத்தையாவது கதையுங்கோ. அடம்பனில இந்தமுறை நெல்லு எப்பிடி?