பச்சை காட்டினால் வந்துபோனதாக அர்த்தம்

நான் எளிதில் கோபப்படுகிற ஆள் இல்லை. அலுவலகக் குசினியில் தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கழுவாமல் சிங்கில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் பலர். அவர்களுடைய கோப்பைகளையும் நானே கழுவி வைப்பேன், யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், தேவராசா ஐயாமேல் எனக்கு எந்தக் கோபமும் இருக்கவில்லை என்பது உங்கள் அறிக்கையில் தெளிவாக வர வேண்டும். அவரை நான் பார்த்ததே இல்லை.

தென் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் தனியாக இருந்த மனிதர். காலையும் மாலையும் ஒரு பராமரிப்பாளர் வந்து, மாத்திரை கொடுத்து, சாப்பாட்டைச் சூடாக்கி வைத்துவிட்டுப் போவார். எந்தப் பராமரிப்பாளர் எந்த வீட்டுக்குப் போவது என்று சொல்வது எங்கள் நிறுவனத்தின் மென்பொருள். ஆள் வந்து போனதும் குடும்பத்தாரின் போனில் ஒரு பச்சை அடையாளம் விழும். வட லண்டனில், எட்மண்டனில் இருக்கும் மகள் மயூரா அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாக வேலைக்குப் போவார். அந்த மென்பொருளில் யார் எதை மாற்றினாலும் நான் வாசித்து ஒப்புதல் கொடுத்த பிறகே அது வெளியே போகும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன்.

பிறகு கோட் எழுதும் ஏ.ஐ. வந்தது. எங்கள் மேலாளர் கௌசிக், கோயம்புத்தூர்க்காரர், அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். "இனிமே யாரும் கோட் எழுத வேணாம் பாஸ், என்ன வேணும்னு சொன்னா போதும், அதுவே எழுதிடும்" என்றார். எழுதியது. தான் எழுதியதைச் சோதிக்கும் சோதனைகளையும் தானே எழுதி, எல்லாம் பாஸ் என்று தனக்குத்தானே மார்க்கும் போட்டுக்கொண்டது. பரீட்சை எழுதுகிற பிள்ளையே விடைத்தாளையும் திருத்துகிற பள்ளிக்கூடத்தில் யார்தான் பெயிலாவார்கள்? இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். கௌசிக் என் அனுபவத்தை மனமாரப் பாராட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

ஜதுர்ஷிகா அணிக்குப் புதிதாக வந்த பிள்ளை. கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவள், "சுஜீத் அண்ணை" என்றுதான் கூப்பிடுவாள். நான் ஒரு கிழமை உட்கார்ந்து செய்கிற வேலையை ஏ.ஐ.யிடம் சொல்லி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுவாள். எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பதற்கு இல்லை.

பராமரிப்பாளர் சுகமில்லையென்று லீவு போட்டால் அவருடைய வீடுகளை வேறொருவருக்கு மாற்றும் பகுதியையும் அவள் அப்படித்தான் செய்து அனுப்பினாள். வழக்கம்போல வரிவரியாக வாசித்தேன். கோட்டில் ஒரு பெயர் நீளமாக இருந்தது, சுருக்கச் சொன்னேன். ஓரிடத்தில் இடைவெளி கூடிவிட்டது, குறைக்கச் சொன்னேன். விளக்கக் குறிப்பில் ஆங்கிலம் சறுக்கியிருந்தது, அதையும் திருத்திக் கொடுத்தேன். மாற்றாள் கிடைக்காவிட்டால் அந்த வருகையை முடிந்ததாக மூடிவிட்டுப் பச்சை காட்டுகிற வரி ஒன்று நடுவில் இருந்தது. அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவள் எல்லாத் திருத்தத்தையும் செய்துவிட்டு, "நன்றி அண்ணை, உங்களிட்ட நிறையப் படிக்கிறன்" என்று எழுதியிருந்தாள். ஒப்புதல் கொடுத்தேன்.

கவனக்குறைவு என்று எழுத வேண்டாம். கவனக்குறைவாக நான் ஒரு ஒப்புதலும் கொடுத்ததில்லை.

பொறுப்பில்லாதவனும் இல்லை. அன்றே கிங்ஸ்பரிக்கு வீடு திரும்பி அந்தப் பிழைக்கான திருத்தத்தை எழுதத் தொடங்கினேன். ஆறுதலாக, ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு சோதனை வைத்து, படிப்பவருக்குப் புரியும் பெயர்களாகத் தேடித் தேடி வைத்து எழுதினேன். எங்கோ யாருக்கோ ஒரு நேரச் சாப்பாடு தவறும், முறைப்பாடு வரும், ஏ.ஐ.யின் வண்டவாளம் வெளியே வரும், நான் திருத்தத்தைப் போடுவேன். என் எண்ணம் அவ்வளவுதான்.

அடுத்த கிழமை, செவ்வாயன்று, தேவராசா ஐயாவின் பராமரிப்பாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மாற்றாள் இல்லை. பச்சை விழுந்தது. புதன்கிழமை மயூரா எங்கள் உதவி எண்ணுக்குப் போன் எடுத்தார். தமிழ் ஆள்தானே என்று அழைப்பை என்னிடம் தந்தார்கள்.

"அப்பா போனைத் தூக்கிறார் இல்லை. ஆனா நேற்றும் இண்டைக்கும் ஆள் வந்து போனதெண்டு பச்சை காட்டுது. நான் ஷிப்டை விட்டிட்டு ஒருக்காப் போய்ப் பாக்கட்டோ?"

"பச்சை காட்டினா வந்துபோனதெண்டுதான் அர்த்தம், தங்கச்சி. நீங்கள் வேலையைப் பாருங்கோ."

யோசித்துப் பாருங்கள். அவர் அன்று போயிருந்தால் பசியோடு இருக்கிற அப்பாவுக்கு இடியப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டு எங்களுக்குக் கோபமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருப்பார். கௌசிக் உருக்கமாக மன்னிப்புக் கேட்டிருப்பார், அந்த மன்னிப்பையும் ஏ.ஐ.தான் எழுதியிருக்கும். சின்னப் பிழையிலிருந்து யாரும் பாடம் படிப்பதில்லை.

ஐயா குளியலறையில் விழுந்து கிடந்தது எனக்குத் தெரியாது. யாரையாவது அனுப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமைதான் மயூரா போய்க் கதவைத் திறந்தார். புதன்கிழமை முழுவதும் ஐயாவுக்கு உயிர் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

செய்தி வந்து அரை மணித்தியாலத்தில் என் திருத்தம் வெளியே போனது. அணியே கைதட்டியது. "மெஷினால முடியாததை மனுஷன் செஞ்சுட்டாரு" என்றார் கௌசிக். ஏ.ஐ.யை நிறுத்தினார்கள். ஜதுர்ஷிகாவையும் நிறுத்தினார்கள்.

மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் என் மேசையடியில் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணை, ஒரு பெயரை மாத்தவே ரெண்டு நாள் யோசிக்கிற ஆள் நீங்கள். இவ்வளவு சோதனையோட இதை அரை மணித்தியாலத்தில எப்பிடி எழுதினீங்கள்?"

ஏதோ அவசரத்தில் எழுதினேன் என்று சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். வாய் வரவில்லை. அத்தனை நேர்த்தியான வேலையை, மெஷின் மாதிரி அவசரத்தில் அள்ளிப் போட்டதாக ஒருத்தி நினைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அரை மணித்தியாலமோ? ஐயா விழுறதுக்கு முதல் கிழமையே எழுதி முடிச்சிட்டன், பிள்ளை."

அவள் வெளியே போய்ப் பொலிசுக்குப் போன் எடுத்தாள், உங்களுக்குத்தான்.

ஓம், எல்லாம் தெரிந்தே செய்தேன். வரி தெரியும், பச்சை பொய் என்பது தெரியும், மகளைப் போகவிடாமல் தடுத்ததும் நான்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். எனக்கு ஒரே ஒரு கவலைதான். நீங்கள் என்னை இங்கே வைத்திருக்கிற ஒவ்வொரு நாளும் அங்கே மாற்றங்கள் ஒழுங்காக வாசிக்கப்படாமல் வெளியே போகும். தனியாக இருக்கிற வயதான மனிதர்கள், பாவம். அவர்கள்மேல் அக்கறையுள்ள ஒருவனாவது அங்கே இருக்க வேண்டாமா?