டீச்சர் தோற்றதில் ஒரு நிம்மதி

ஒட்டுக்கேட்பது தவறு என்று தெரிந்தும், திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். பின்சீட்டில் ஒரு பெண் சொன்னதுதான் காரணம்.

"நீங்க தோத்தது எங்க வீட்டுக்கு நல்லதாப் போச்சு டீச்சர்."

பக்கத்தில் இருந்தவர் பிரெஞ்சு ஆசிரியையாக இருந்து கவுன்சிலர் ஆகி, இந்தத் தேர்தலில் தோற்றவர். ஊரில் பிரெஞ்சு பேசும் குடும்பங்களின் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். இதெல்லாம் பேச்சிலிருந்தே தெரிந்தது.

"எப்படிம்மா?"

"நீங்க அஞ்சு வருஷமா சாக்கடை, தண்ணி லாரின்னு அலைஞ்சீங்க, எங்க வீட்டுக்கு வர நேரமில்ல; உங்க சங்கத்துல வேற யாரையும் எங்களுக்குத் தெரியாது. ஸ்ட்ரோக் வந்ததுலேர்ந்து எங்கம்மா, சின்ன வயசுல வியட்நாம்ல, சைகோன்ல படிச்ச பிரெஞ்சுலதான் பேசறாங்க. எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. கத்தும்போதெல்லாம் எங்களைத் திட்டறாங்கன்னே நெனச்சோம். நேத்து நீங்க வந்து கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது, ஃபேன் சத்தம் தாங்கலையாம்."

"ஃபேன் ரிப்பேர் பண்ற ஆள் வந்து பார்த்தாச்சா?"

"சரி பண்ணியாச்சு. அம்மா நல்லாத் தூங்கினாங்க. நாங்களும்தான்."

காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்ககூட வீடு வீடா நோட்டீஸ் கொடுத்தேன் டீச்சர். ஆனா ஓட்டு உங்களுக்குப் போடல. மறுபடியும் ஜெயிச்சுட்டா அம்மா பேசறதை யார் கேக்கறதுன்னு பயம். மன்னிச்சுடுங்க."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"இந்தத் தடவை நிக்கலன்னு சொன்னேன், கட்சியில விடல. யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. நானும் எனக்குப் போடல."