சிலுவையில் எழுதிய வயது

1950களின் கடைசியில் ஒரு கல்லறைத் திருநாளன்று ரிச்சர்ட்ஸ் டவுனில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு குடும்பம். சிலுவையில் மங்கிப்போன எழுத்தைப் புதுப்பிக்க அப்பா கையில் கறுப்புப் பெயின்ட்டும் பிரஷும். அம்மா கையில் சாமந்திப் பூவும் மெழுகுவத்தியும். நடுவில் நின்ற சிறுமிதான் ஆரம்பித்தாள்.

“அப்பா, இந்தத் தடவை அண்ணன் வயசை மாத்தி எழுதணும்.”

“எதுக்கும்மா?”

“ஒம்பதுன்னா கணக்கு உதைக்குதுப்பா. கழித்தல்னா எடுக்கிறது மட்டும் இல்லையாம். ரெண்டைப் பக்கத்துல வச்சு, எது எவ்வளவு ஜாஸ்தின்னு பாக்கறதும் கழித்தல்தானாம். மிஸ் சொன்னாங்க. அண்ணன் என்னைவிட மூணு வயசு பெரியவன்தானே?”

“ஆமா.”

“எனக்கு இப்போ எட்டு. அப்ப அவனுக்குப் பதினொண்ணு.”

“அவன் ஒம்பதுலயே போயிட்டான்மா. அதுக்கு மேல அவனுக்கு வயசு ஏறாது.”

சிறுமி விரல்களை மடக்கிப் பார்த்தாள்.

“அப்ப இப்போ ஒண்ணுதான் வித்தியாசமா? அடுத்த வருஷம் ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. அதுக்கப்புறம் நான் அவனுக்கு அக்காவா?”

அப்பா பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா சொன்னாள்:

“பதினொண்ணுன்னே எழுதிடுங்க.”